டென்மார்க் போகாத பைகள்

விஜயதசமியன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், எதிர் குவார்ட்டர்ஸ் மதினி, துணி வெட்டும் ஆபா, இஸ்திரி போடும் அவள் மருமகள், மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்த பௌதி. அவ்வளவுதான். பின்னால் விஷயம் காலனியில் பரவியபோது, 'நானும் அங்கதான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன்' என்று சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் அந்த அறை கொள்ளாது. தையல் மிஷின்கள், வெட்டு மேஜை, இஸ்திரி மேஜை போக மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள் ஐந்து பேருமே பக்கவாட்டில்தான் நடந்துகொண்டிருந்தோம்.

கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது அந்த அறை. முன்பு சைக்கிள் ரிப்பேர் கடையாக இருந்தது. மழைக்காலத்தில் இன்னும் சுவரிலிருந்து கிரீஸ் வாசனை வரும். பத்துப் பெண்கள் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்துத் துணிப் பை தைக்கிறோம். காலனிக்காரிகள் பாதி, அக்கம்பக்கத்துக்காரிகள் பாதி. ஆபா என்பது உருது அக்கா; என்னை அவர்கள் கூப்பிடும் தீதி வங்காளி அக்கா.

குழுவுக்கு நான் தலைவி. எழுதும்போது இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை; அவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் என் வங்காளி மீன் கடை வங்காளிதான். அதுவும் எங்கள் மீன்காரருக்கு மட்டும் புரியும். போதாக்குறைக்குப் பயம் வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கினால், கேஸை அணைத்தோமா என்று திரும்பி ஏறுவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன்.

என்னைத் தலைவியாக்கியது பௌதி. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அடுத்த தெரு மாடி வீட்டில் இருக்கிறாள், பி.காம். படித்தவள், எங்கள் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். முதல் கூட்டத்தில் யார் தலைவி என்ற பேச்சு வந்தபோது என்னைக் காட்டிச் சொன்னாள்:

"இவதான். தலைவியா பயந்தவதான் இருக்கணும். தைரியசாலி கையில பணத்தைக் குடுத்தா, அவ அதை எங்கயாவது தைரியமா போட்டுடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். எதிர் குவார்ட்டர்ஸ்காரியை நான் மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரு புறம் வங்காளத்து அண்ணி, மறு புறம் திருநெல்வேலி மதினி. இருவருக்கும் நடுவில் நாத்தனார் மாதிரி நான் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

டென்மார்க் ஆர்டரைக் கொண்டுவந்தவள் லேக் கார்டன்ஸில் பேயிங் கெஸ்ட்டாக இருக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி. கம்பெனியில் வேலை. எங்கள் காலனியில் யாரோ சாம்பார்ப் பொடி அரைத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவள், தையல் அறையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சனிக்கிழமைதோறும் வருவாள். எங்களுக்கு வேண்டிய இங்கிலீஷ் எல்லாம் அவள்தான். கம்பெனி வேலையாக டென்மார்க்கில் மூன்று மாதம் இருந்தபோது, பன்னிரண்டு பெண்கள் பங்கு போட்டு நடத்தும் ஒரு கடையை அங்கே பார்த்திருக்கிறாள். பெண்கள் குழு செய்த சாமானை மட்டும்தான் விற்பார்களாம். எங்கள் பை ஒன்றை அவர்களுக்கு அனுப்பிவைத்தாள். பதில் வந்தது: முந்நூறு பை வேண்டும். வெளிர் நிறக் கெட்டித் துணி. வாய் ஓரத்தில் காந்தா வேலையாக ஒரு வரிசை மீன். காந்தா என்பது இந்த ஊர்ப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கிக் கையால் போடும் ஓட்டுத் தையல். பௌதிக்கும் அவள் தெருப் பெண்கள் இரண்டு பேருக்கும் அது கண்ணை மூடிக்கொண்டு வரும்.

டென்மார்க்காரிகள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஒரு பைக்குத் தைப்பவருக்கு எவ்வளவு கூலி என்று முதலிலேயே எழுதி, அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பேச்சு வார்த்தையில் குழுவின் தலைவியே நேரில் இருக்க வேண்டும். படித்த பெண் ஒருத்தியை மட்டும் வைத்து முடித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது நிபந்தனையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். "நீங்க சும்மா உக்காருங்க்கா, பேசறது நான் பேசிக்கறேன்" என்று கோயம்புத்தூர்ப் பெண் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றில் ஒரு பங்கு பணம் முன்னால் வந்தது. நூல், ஊசி, கரண்ட், வாடகை என்று அது போயிற்று. துணியைக் கடனில் வாங்கப் பவானிபூர் சேட்டிடம் போனேன். பத்திரம் ஏதாவது எழுதச் சொல்வார் என்று ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை.

"மெட்ராஸி தீதி, பத்திரம் எதுக்கு? உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. என் பணத்தை நினைச்சு நீங்க தூங்க மாட்டீங்க. நான் நல்லாத் தூங்குவேன்."

ஆக நிலைமை இதுதான். பை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் மீதிப் பணம். மீதிப் பணம் வந்தால்தான் பத்துப் பேருக்குக் கூலி, பிறகு சேட்டு. எங்களில் பாதிப் பேருக்கு அதற்கு முன் ஒரே தடவையில் இரண்டாயிரம் ரூபாய் சொந்தமாகக் கைக்கு வந்ததில்லை. ஆபாவின் மருமகள் துணி ஓரம் அடிக்கும் ஒரு பழைய ஓவர்லாக் மிஷினுக்கு விலை பேசி வைத்திருந்தாள். வேலை கெட்டால் அவர்களிடம் பதில் சொல்ல வேண்டியது, கையெழுத்துப் போட்ட நான்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. நடுவில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று இங்கே மிஷின் தொடுகிற யாரும் மிஷினைத் தொட மாட்டார்கள். பௌதி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டாள். பத்தே நாளில் நவராத்திரி. ஆயுத பூஜைக்கு மதினி மறுபடி பூட்டச் சொன்னாள். ஆபா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க சாமிங்க மிஷினுக்கு எத்தனை தடவை லீவு குடுப்பாங்க தீதி? எனக்கு என் புருஷன் ஒரு நாள் குடுக்கல."

"உங்களுக்கும் சேத்துதான் லீவு ஆபா. வீட்டுல போயி தூங்குங்க" என்றேன்.

"வீட்டுலயா? அங்க ஒம்பது பேர் துணி மூட்டையோட காத்திருக்காங்க."

பூஜையை மதினி எடுத்துச் செய்தாள். அவள் செய்தால் குறை வைக்க மாட்டாள். மஞ்சள் கலந்த சந்தனத்தைக் குழைத்து எல்லா மிஷினுக்கும் தலையில், சக்கரத்தில், துணி ஓடும் தகட்டில் என்று தீற்றி, அதன் மேல் கட்டை விரலால் குங்குமம் வைத்தாள். இஸ்திரிப் பெட்டிக்கு, கத்தரிக்கோலுக்கு, இஞ்ச் டேப்புக்கு, டியூப் லைட் சுவிட்சுக்குக்கூட வைத்தாள். சுண்டலும் பொரியும் கொடுத்தோம். ஆபா சுண்டலை மருமகளுக்கும் கட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த கருவியை அன்று எடுத்து ஒரு தையலாவது போட்டால் வருஷம் முழுக்க வேலை வரும் என்பது எங்கள் வழக்கம். பௌதியிடம் சொன்னபோது அவள் வாயில் விரலை வைத்தாள்.

"தசமி அன்னிக்கு வேலையா? துர்கா அம்மா கிளம்பிப் போற நாள் தீதி. அன்னிக்கு இந்த ஊர்ல எலிகூட வளையை விட்டு வேலைக்கு வராது."

"ஒரே ஒரு தையல் பௌதி. சாஸ்திரத்துக்கு."

"மத்தியானம் வரேன். உன் சாஸ்திரத்துக்காக."

காலையில் நாங்கள் நான்கு பேரும் போனோம். ஒரு தையல்தான் என்று உட்கார்ந்தோம். கை ஓடியது, மனசும் நன்றாக இருந்தது, பார்சல் கொடுக்க இன்னும் நாலு நாள்தான் என்ற நினைப்பு வேறு. ஒரு தையல் ஒரு பையாகி, மீன் வரிசை முன்பே போட்டு வைத்திருந்ததால் மதியத்துக்குள் எண்பது பைக்கு மேல் முடிந்திருந்தது. மருமகள் சுடச்சுட இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டே வந்தாள். கல்கத்தாவில் அந்த மாதத்துக் காற்று எப்படி என்று இருப்பவர்களுக்குத் தெரியும். துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. மிஷின் மேல் பூசிய சந்தனம் காய்ந்திருக்கும் என்று நாங்கள் நினைத்தோமா, நினைக்கவே இல்லையா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

இரண்டு மணிக்குப் பௌதி வந்தாள். பந்தலில் சிந்தூர் விளையாட்டு முடிந்து நேராக வந்திருந்தாள். தசமியன்று கல்யாணமான பெண்கள் அம்மனுக்குச் சிந்தூரம் வைத்துவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து, சங்கு வளையல் எல்லாம் ஒரே சிவப்பு. வந்த சந்தோஷத்தில் என் கன்னத்தில் ஒரு இழுப்பு, மதினி கன்னத்தில் ஒரு இழுப்பு. ஆபாவிடம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய், "உனக்கும் வேணுமா?" என்றாள். ஆபா வெட்டு மேஜைக்குப் பின்னால் ஓடினாள். ஒரே சிரிப்பு. பிறகு பௌதி உட்கார்ந்து அடுக்கியிருந்த பைகளை எண்ணினாள்.

நாலு மணி இருக்கும். அம்மனைக் கரைக்க ஆற்றுப் பக்கம் போகும் முதல் ஊர்வலத்தின் தாக் மேளம் சந்து முனையில் கேட்டது. மற்றவர்கள் பார்க்க வாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒவ்வொரு பையையும் உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை, பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மூன்றாவது பையில் அடிப்பக்கம் ஒரு மஞ்சள் தீற்றல் இருந்தது. நாலாவதில் சிவப்பு. அடுக்கை முழுவதும் பிரித்தேன். இஸ்திரிச் சூட்டில் பட்ட கறை, மேலே இருந்த பையிலிருந்து கீழே இருந்த பைக்கு இறங்கி, அங்கிருந்து அதற்கும் கீழே இறங்கியிருந்தது. சில பைகளின் ஓரத்தில் விரல் விரலாக.

வாசலில் நின்றவர்களைக் கூப்பிடாமல் அடுக்கை இன்னொரு தடவை புரட்டினேன். ஆபாதான் திரும்பிப் பார்த்தாள்.

மதினி ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என் குங்குமம் இல்ல மதினி. நான் வச்சது மிஷின் தலையில. பை ஓரத்துல எப்படி வரும்? சிந்தூரம் இது. நெறத்தப் பாத்தாலே தெரியலியா?"

சிந்தூரம் என்ற வார்த்தை பௌதிக்குப் புரிந்துவிட்டது. "என்ன சொல்றா இவ? என் சிந்தூரமா? நான் வரும்போதே எல்லாம் இஸ்திரி ஆகி அடுக்கியாச்சு. நான் எண்ணினேன், அவ்வளவுதான்."

"எந்தக் கையால எண்ணுனாளாம், கேளுங்க" என்றாள் மதினி.

பௌதி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மிஷின் தகட்டைப் பார்த்தாள். "அப்ப அந்த மஞ்சள்? அதுவும் எங்க பந்தல்ல இருந்து வந்துச்சா? மிஷினுக்கு அலங்காரம் பண்ணினீங்களா, கல்யாணம் பண்ணினீங்களா?"

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. யார் பையைக் கெடுக்கிறாரோ அவருக்கு அந்தப் பைக்குக் கூலி கிடையாது. அதனால்தான் இந்தச் சிவப்பு யாருடையது என்பதில் இரண்டு பேரும் அப்படி நின்றார்கள். இருவருமே என்னைப் பார்த்தார்கள், நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று. நானோ கறை பட்ட பைகளை எண்ண ஆரம்பித்திருந்தேன்.

ஆபா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் கேளுங்க. லால் லால்தான், செவப்பு செவப்புதான். பை வாங்கறவ இது எந்தப் புருஷனோட லால்னு கேக்க மாட்டா. பக்கெட் எங்க?"

"எனக்கு இஸ்திரி போடும்போதே லேசா மஞ்சளாத் தெரிஞ்சுது. துணியோட கலர்னு நினைச்சேன்" என்று மருமகள் மெல்லச் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

துவைக்க உட்கார்ந்தோம். மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவக்கும் என்பது எங்கள் ஐந்து பேருக்குமே தெரியும். அடுப்படியில் தினம் பார்ப்பதுதான். அந்தப் பதற்றத்தில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. சோப்பைத் தேய்த்ததும் மஞ்சளும் சிவப்பாகி, எந்தச் சிவப்பு எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. சண்டை அத்தோடு நின்றது. மறுநாள் பௌதி வீட்டு மொட்டை மாடியில் வெயிலில் போட்டதில் மஞ்சள் எல்லாம் மங்கி மறைந்தது. கடைக் குங்குமமும் சிந்தூரமும் மட்டும் வெளிறிய ரோஸ் நிறத்தில் நின்றுவிட்டன. பிரித்துப் பார்த்தோம். நாற்பத்துமூன்று பைகள் தேறாது.

அன்று மாலை கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். ஒரு பையைத் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அவ்வளவாத் தெரியலைங்க்கா. நடுநடுவுல வச்சு அனுப்பிரலாங்க்கா."

பௌதியும் அதையே சொன்னாள். "சொல்லாதே தீதி. சொன்னா அடுத்த ஆர்டர் வராது. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு தப்பு போதும்."

அவர்கள் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மறைத்து அனுப்பினால், பார்சல் போய்ச் சேர்ந்து, பிரித்து, அவர்கள் பார்த்து, ஏதாவது சொல்லும்வரை நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாளோ இருபது நாளோ, ஒவ்வொரு போன் மணிக்கும் டென்மார்க்தானோ என்று ஓட வேண்டும். சொல்லிவிட்டால் அந்தக் கஷ்டம் ஒரு நாளோடு போய்விடும். இதை நேர்மை என்று பிற்பாடு சிலர் பாராட்டினார்கள். பயம்தான்.

"போனைப் போடும்மா. நான் இருக்கேன்" என்றேன்.

வீடியோவில் டென்மார்க்கார அம்மா வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். பின்னால் அலமாரி, அதில் மண் கிண்ணங்கள். கோயம்புத்தூர்ப் பெண் விஷயத்தைச் சொல்ல, நான் பையைத் தூக்கிக் கேமராவில் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். கையில் ஒட்டுமா, வேறு துணியில் இறங்குமா, என்ன பொருள் என்று கேட்டார். மிஷினுக்குப் பூஜை செய்ததைச் சொன்னதும் நிமிர்ந்தார். மிஷினைக் காட்டச் சொன்னார். மதினி வைத்த பொட்டு சக்கரத்தில் இன்னும் இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேகமாக ஏதோ பேசினார். கோயம்புத்தூர்ப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அக்கா! அந்தப் பைங்களையும் எடுத்துக்கறாங்களாமுங்க்கா. கறையோடவே. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னக் கார்டு வச்சு, இது என்ன கறை, எப்படி வந்துச்சுன்னு போட்டு விப்பாங்களாமா. மத்த பையைவிட விலையும் அதிகமாத் தர்றாங்களாமுங்க்கா. நம்ம போட்டோ மட்டும் வேணுமாமுங்க்கா, மிஷினோட, பொட்டோட."

என் மேல் இருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. சரி என்று வாயைத் திறந்தேன்.

"என்ன சொல்லுதா அவ?" என்றாள் மதினி பின்னாலிருந்து.

சொன்னேன். மதினி கையிலிருந்த பையை மடித்து வைத்தாள். பிறகு, "சாமிக்கு வச்ச குங்குமத்தை ஒருத்தி தோள்ல மாட்டிக்கிட்டு உருளக்கெழங்கு வாங்கப் போவாளா?" என்றாள். "கெட்டுப்போனது கெட்டுப்போச்சு, அது நம்ம தலைவிதி. அதை வெலைக்கு விக்கணுமாக்கும்?"

பௌதிக்கு வங்காளியில் சொன்னேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேவிட்டாள். "இவ சொல்றது சரி. சிந்தூரம் என் புருஷனோட ஆயுசு. அதைக் கார்டு போட்டு விப்பாங்களா? வேணாம்னு சொல்லு."

முந்தின நாள் ஒருத்தி தலையில் மற்றவள் சிவப்பைக் கட்டப் பார்த்தவர்கள் இப்போது தோளோடு தோள் நின்றார்கள். ஆபா வெட்டு மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். "பைத்தியங்களா, பணம் தர்றா. நான்னா வித்துருப்பேன். இன்னும் நாலு தீற்றுத் தீற்றி வித்துருப்பேன்."

நாளைக்குச் சொல்கிறோம் என்று போனை வைக்கச் சொன்னேன். பிறகு கை தூக்கச் சொன்னேன். விற்கலாம் என்று ஆபாவும், குழுவில் இல்லாவிட்டாலும் கை தூக்கிய கோயம்புத்தூர்ப் பெண்ணும். வேண்டாம் என்று மதினியும் பௌதியும். ஆபாவின் மருமகள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மற்ற ஐந்து பேரையும் போனில் கேட்டதில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நீங்க சொல்றதுதான் தீதி."

வீட்டுக்கு வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார். எனக்குச் சாமி குற்றம் என்றெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. வேறு பயம் வந்தது. அந்த நாற்பத்துமூன்றும் நல்ல விலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை முந்நூறும் அப்படியே வேண்டும் என்று கேட்டால்? பை தைக்கிறவர்கள் என்று போய், பொட்டு வைத்த மிஷினோடு போட்டோவுக்கு நிற்கிறவர்கள் என்று ஆகிவிட்டால்? தப்பாக வந்த பைக்கு அதிக விலை என்றால், தையல் பிசகாமல் தைத்த இருநூற்று ஐம்பத்தேழு பைக்கு என்ன மரியாதை? வருஷம் முழுக்க ஆயுத பூஜை கொண்டாட முடியுமா? மற்றவர்களுக்கு இதெல்லாம் வேண்டாத கற்பனையாகத் தோன்றலாம். எனக்கு எந்தக் காரியத்திலும் முதலில் தெரிவது அதன் கெட்ட முடிவுதான். அதைப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொள்ள வராது.

மறுநாள் போனில் கோயம்புத்தூர்ப் பெண் பேச ஆரம்பிப்பதற்கு முன் நானே சொன்னேன். ராத்திரி மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ். "மேடம், திஸ் பேக் நோ சேல். வீ மேக் நியூ. சேம் மீன், சேம் தையல்." மீனுக்கும் தையலுக்கும் இங்கிலீஷ் அந்த நேரத்தில் வரவில்லை. பணம் தருகிறேன் என்ற ஒருவரிடம் வேண்டாம் என்று நான் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. போனை எப்படிப் பிடித்திருந்தேனோ, அந்த அம்மாவுக்கு எங்கள் சீலிங்தான் தெரிந்திருக்கும்.

அவர் ஏன் என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் நான் ராத்திரி நினைத்ததைச் சொல்லச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னதை மொழிபெயர்க்க அந்தப் பெண் தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க்கா. புரியுதுங்கறாங்க. ஆனா தாமதமா வர்ற பைக்கு ஒப்பந்தத்துல இருக்கற மாதிரி பத்துல ஒரு பங்கு பிடிப்பாங்களாமா. ரெண்டாவது பார்சல் செலவும் நம்மளுதாமா. பன்னெண்டு பேர் பணங்கறதால அவங்களா விட்டுக்குடுக்க முடியாதாமுங்க்கா."

"சரின்னு சொல்லு. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

சேட்டிடம் மறுபடி போய் நாற்பத்துமூன்று பைக்குத் துணி வாங்கினேன். அவர் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, "பூஜை நல்லா நடந்துச்சா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா" என்றேன்.

கூலி விஷயத்தில் மதினியும் பௌதியும் தங்கள் பங்கில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மற்றவளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னார்கள். பிடிக்கவில்லை. அந்த விதியை அந்த ஒரு தடவைக்கு எடுத்துவிட்டோம். கெட்ட பைக்கும் புதுப் பைக்கும் சேர்த்துத்தான் எல்லோருக்கும் கூலி. மருமகள் ஓவர்லாக் மிஷினை வாங்கிவிட்டாள். வாங்கிய அன்று மாமியாரைத் தொட விடவில்லையாம். ஆபா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள்.

கறைப் பைகளை ஆபா தன் கொழுந்தன் சாயப் பட்டறைக்கு எடுத்துப் போய், மொத்தமாக மெரூன் கலரில் முக்கிக் கொண்டுவந்தாள். மீன்கள் இருட்டில் நீந்துவது போல ஆகிவிட்டன. மட்டியாபுருஜ் வாரச் சந்தையில், வாங்குகிறவர்கள் கேட்ட விலைக்குப் போயிற்று. அங்கே யாரும் கார்டு கேட்கவில்லை.

டென்மார்க்கிலிருந்து அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது, நூறு பை. கூடவே ஒரு கேள்வி: உங்கள் மிஷின்கள் எந்தெந்த நாள் ஓய்வு எடுக்கும், எல்லோருடைய பண்டிகையையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துத்தான் தேதி வைப்போம். பௌதி எழுதினாள். பொங்கல், சரஸ்வதி பூஜை, இரண்டு ஈத், விஸ்வகர்மா, துர்கா, காளி, தீபாவளி என்று போய்க்கொண்டே இருந்தது. எழுதி முடித்தபோது எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. பதிலுக்கு அவர்களும் தங்கள் பட்டியலை அனுப்பினார்கள். ஜூலை மாதம் முழுவதும் கடை கிடையாதாம்.

"முழு மாசமா?" என்றாள் மதினி. "எந்தச் சாமிக்காம்?"

"வெயிலுக்காம்" என்றேன். பௌதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டென்மார்க் பணம் முழுவதும் வந்துவிட்டது, பிடித்தது போக. கூலி எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது பார்சல் செலவும் கட்டியாகிவிட்டது. மிச்சத்தைச் சேட்டிடம் கொடுத்தேன், மெரூன் பை விற்றதையும் சேர்த்து. அது போக, அந்த நாற்பத்துமூன்று பைகளுக்காக அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.